காகிதத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பல ஆண்டுகளாக ஒரு படம் கிடக்கிறது. ரைஃபிள் குண்டுகள் இரண்டை நீளவாக்கில் அறுத்து, அறுத்த பக்கத்தை மெருகேற்றி எடுத்த படம். விவரம் தெரியாமல் பார்ப்பவர்கள் ஏதோ விதையைப் பிளந்து வைத்திருப்பதாக நினைப்பார்கள். செந்நிறத் தோல், உள்ளே சாம்பல் நிறப் பருப்பு. தோல் செம்புக் கலவை, பருப்பு ஈயம்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். 'தோட்டா பாய்ந்தது' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தோட்டா பாய்வதில்லை. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு, இவை நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பாய்வது குண்டு மட்டும். கூடு சுட்டவர் காலடியிலேயே விழுந்துவிடும். இந்த அத்தியாயம் முழுக்கக் குண்டைப் பற்றியது.

படத்தில் உள்ள இரண்டுக்கும் ஒரே விட்டம், 7.82 மில்லிமீட்டர். ஒரே எடை, 168 கிரெயின். கிரெயின் என்பது தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த பழைய ஆங்கில அளவை; நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்ததைப் போன்றது. ஒரு கிரெயின் 0.0648 கிராம். ஆக 168 கிரெயின் என்பது 10.9 கிராம், தங்கக் கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேல்.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகு வேற்றுமை. இடதுபக்கக் குண்டின் செம்பு உறை மெல்லியது, எங்கும் ஒரே தடிமன். அடிப்பக்கம் வழவழவென்று மூடியிருக்கிறது. நுனியில் மட்டும் ஊசிக்காது அளவுக்கு ஓர் ஓட்டை. வலதுபக்கக் குண்டின் உறை அடியில் தடித்து, மேலே போகப் போக மெலிகிறது. நுனியில் உறையே இல்லை; மழுங்கிய ஈயம் வெளியே எட்டிப் பார்க்கிறது. இடதுபக்கம் இருப்பது காகிதக் குறியைத் துளைக்க. வலதுபக்கம் இருப்பது மானைக் கொல்ல. போட்டிக் குண்டின் வேலை காகிதத்தைத் தொட்டதும் முடிந்துவிடும். வேட்டைக் குண்டின் வேலை தோலைத் தொட்ட பிறகுதான் தொடங்கும். எந்தக் குண்டு நல்லது என்று கேட்பவரிடம் கடைக்காரர் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, எதைச் சுடப் போகிறீர்கள் என்பதைத்தான். போட்டிக் குண்டுகளுக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனம் சியரா, தன் 'மேட்ச்கிங்' வரிசையை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை என்று தானே சொல்கிறது.

பறப்பதிலிருந்து தொடங்குவோம். அந்தக் கதைக்கு நம் கடலூரில் ஒரு முடிவு இருக்கிறது.

பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742-இல் பீரங்கியியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கனமான மரப்பலகையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, அதன் மேல் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். அப்படி அளந்தபோதுதான், வேகமாகப் போகும் குண்டைக் காற்று எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பது முதன்முறையாகத் தெரியவந்தது. அதுவரை ஏட்டில் போட்ட கணக்கெல்லாம் பிசகு. நூலை மாமேதை ஆய்லரே விரிவான உரையுடன் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அவருடைய சோதனைகளில் எனக்குப் பிடித்தது வளைந்த குழல் சோதனை. அன்றைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு கோலிக்குண்டு போல உருண்டை. ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, இருந்தும் ஒரு குண்டு இடப்பக்கம் போகும், அடுத்தது வலப்பக்கம் போகும். குழலின் சுவரில் உரசி வரும் குண்டு ஏதோ ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டே வெளியேறுவதுதான் காரணம் என்று ராபின்ஸ் சந்தேகித்தார். மெய்ப்பிக்க, குழலின் வாயை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தார். எதிரே வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டிச் சுட்டார். முதல் திரைகளில் ஓட்டை இடப்பக்கம் விழுந்தது, யாரும் எதிர்பார்ப்பதுதான். தொலைவில் குண்டு போய் விழுந்த இடமோ வலப்பக்கம்! வளைவில் குழலின் வலது சுவரில் உருண்ட குண்டு, அந்தச் சுழற்சியால் காற்றில் வலப்பக்கம் வளைந்திருக்கிறது. கிரிக்கெட்டில் சுழல்பந்து காற்றிலேயே திசை மாறுவதும் இதே விளைவால்தான். ஒரு ஜெர்மன் விஞ்ஞானியின் பெயரால் மாக்னஸ் விளைவு என்று அது வழங்குகிறது. ராபின்ஸ் அதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர்.

கண்டபடி சுழல்வதுதான் நோய் என்றால், மருந்து சுழலாமல் இருப்பதல்ல. போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்வது. அதற்குக் குழலின் உட்சுவரில் திருகு போல வரிப்பள்ளங்கள் வெட்ட வேண்டும். வேட்டைக்காரர்களிடம் அத்தகைய ரைஃபிள்கள் அப்போதே இருந்தன. எந்த நாடு இதைப் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கிறதோ அதுவே மேலோங்கும் என்று ராபின்ஸ் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக்கிக் கோட்டைகளைச் சீர்படுத்த இங்கே அனுப்பியது. 1750-இல் வந்தவர், அடுத்த ஆண்டு ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். நம் பாடநூல்கள் அந்தக் கோட்டையைக் கிளைவுக்காக நினைவில் வைத்திருக்கின்றன. ராபின்ஸுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

உருண்டையை விட்டு நீண்ட குண்டுக்கு மாறியது 19-ஆம் நூற்றாண்டில். நீண்ட குண்டு காற்றை நன்றாகக் கிழிக்கும், ஆனால் சுழலாவிட்டால் குட்டிக்கரணம் போடும். பம்பரத்தைப் பாருங்கள்: வேகமாகச் சுற்றும்வரை ஆணி மேல் நிமிர்ந்து நிற்கிறது, வேகம் குறைந்ததும் தலையாட்டிச் சாய்கிறது. எவ்வளவு சுழற்சி போதும்? 1879-இல் வுல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் ஒரு கைக்கணக்கு தந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 150-ஐ அந்த எண்ணால் வகுங்கள். அத்தனை விட்டத் தூரம் போவதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நம் 168 கிரெயின் போட்டிக் குண்டு விட்டத்தைப் போல ஏறத்தாழ 4 மடங்கு நீளம். 150-ஐ 4-ஆல் வகுத்தால் 37.5. அதை 7.82 மில்லிமீட்டரால் பெருக்கினால் 29 சென்டிமீட்டர் சொச்சம். இந்தக் குண்டுக்கு வழக்கமாக 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழலைப் பயன்படுத்துகிறார்கள், அது 30.5 சென்டிமீட்டர். ஒரு துண்டுக் காகிதக் கணக்கு இவ்வளவு நெருக்கமாக வருகிறது.

இந்தக் கணக்கில் எடை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நீளம்தான் சுழற்சியைத் தீர்மானிக்கிறது. இது பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, 30.5 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்றால், நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. உங்கள் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி முழு வேகத்தில் முந்நூறு நானூறு சுற்றுதான். இந்தச் சுழற்சியில் சிறு குறையும் பூதாகரமாகும். உறை ஒரு பக்கம் இம்மியளவு தடித்து, குண்டின் எடைமையம் அச்சிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமுடித் தடிமனில் ஏழில் ஒரு பங்கு. குழலுக்குள் இருக்கும்வரை அதன் பிடி குண்டை வழியில் வைத்திருக்கும். வாயை விட்டதும், கவணிலிருந்து கல் தெறிப்பதைப் போல, விலகிய எடை பக்கவாட்டில் தெறிக்கும். 300 மீட்டர் போய்ச் சேர ஆகும் 0.42 நொடியில் இந்தத் தெறிப்பு குண்டை 7 சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். 300 மீட்டர் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 10 சென்டிமீட்டர். நடுவிலிருந்து 5 தாண்டினால் போச்சு.

அதனால்தான் போட்டிக் குண்டின் உறை அவ்வளவு சீராக இருக்கிறது. நுனி ஓட்டைக்கும் காரணம் இதுவே. செம்புத் தகட்டைக் கிண்ணமாக இழுத்து உறை செய்கிறார்கள். படைவீரர்களுக்கான முழு உறைக் குண்டில் கிண்ணத்தின் மூடிய பக்கம் நுனியாகிறது. ஈயம் அடிவழியாக உள்ளே போகிறது, அடி திறந்தே இருக்கிறது. போட்டிக் குண்டில் எல்லாம் தலைகீழ். மூடிய பக்கம் அடி. ஈயம் நுனிவழியாக உள்ளே போகிறது. பிறகு நுனியைக் கூராக நெருக்குகிறார்கள். முழுவதும் மூட முடியாமல் ஊசிக்காது மிஞ்சுகிறது. குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து பீறிடும் வாயு தள்ளுவது அடிப்பக்கத்தை. அடி ஒரு பக்கம் நெளிந்திருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். நுனியில் சிறு சிராய்ப்பு இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. பார்ப்பவர் கண் கூரிய நுனிக்குத்தான் போகும். துல்லியம் இருப்பதோ பின்பக்கத்தில்.

அடுத்த எதிரி காற்று. பக்கவாட்டுக் காற்று குண்டைத் தள்ளும் தூரம், குண்டு காற்றில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படியல்ல. வெற்றிடத்தில் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. 800-ஐத் தொட்ட வேகத்தில் வெற்றிடத்தில் 300 மீட்டரைக் கடக்க 0.37 நொடி, காற்றில் 0.42. தாமதம் 0.05 நொடி. நொடிக்கு 4.5 மீட்டர் வீசும் காற்றில், அதாவது வேட்டி நுனி படபடக்கும் காற்றில், விலகல் ஏறக்குறைய ஒரு சாண். தாமதத்தைக் குறைப்பவர் காற்றை வெல்கிறார். ஆகவே கூரிய நீண்ட நுனி, பின்னால் சரிந்து குறுகும் 'படகு வால்', அதே விட்டத்தில் கூடுதல் எடை. எடை கூடினால் கிளம்பும் வேகம் குறையும், உதையும் கூடும். ஆனாலும் நெடுந்தூரத்தில் லாபம் கனத்த குண்டுக்கே. நம் 168 கிரெயின் குண்டு 300 மீட்டர் போட்டிக்காகப் பிறந்தது. அதை 900 மீட்டருக்கு மேல் இழுத்தால், ஒலியின் வேகத்துக்கு இறங்கும் கட்டத்தில் தள்ளாடத் தொடங்கும். அந்தத் தூரத்துக்கு 175 கிரெயினோ அதற்கு மேலோ எடுப்பார்கள்.

50 மீட்டர் ஒலிம்பிக் போட்டி வேறு உலகம். அங்கே .22 தோட்டா, 40 கிரெயின் எடையுள்ள, உறையே இல்லாத வெறும் ஈயக் குண்டு, ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் போகிறது. 10 புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டமே 5.6. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தூரத்தில்தான். இங்கே வீரர்கள் குண்டின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, எல்லாம் ஒரே வடிவம். தேர்ந்தெடுப்பது தயாரிப்புத் தொகுதியை. பிரிட்டனின் ஈலி, பின்லாந்தின் லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடத்துக்குத் தன் ரைஃபிளையே எடுத்துப்போய், இடுக்கியில் பொருத்தி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, எந்த எண்ணுள்ள தொகுதி தன் குழலுக்கு ஒத்துப்போகிறதோ அதைப் பெட்டி பெட்டியாக வாங்கிவருவார்கள். ஏன் ஒத்துப்போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான், ஆனால் இங்கே பொருத்தத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

இனி வலதுபக்கக் குண்டு.

1880-களில் புகையில்லா வெடிமருந்து வந்தது. குண்டின் வேகம் எகிறியது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் வரிப்பள்ளங்களில் உரிந்து ஒட்டியது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் அதற்கு முன்பே, 1882-இல், செம்பு உறை போட்ட குண்டைச் செய்திருந்தார். உறை வந்ததும் வேறொரு சிக்கல். ஈயக் குண்டு உடலில் நசுங்கி விரியும். உறைக் குண்டு ஊசி போல மறுபக்கம் போய்விடும். வடமேற்கு எல்லைப் போர்களில் இதைக் குறையாகக் கண்ட பிரிட்டிஷ் படை, கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் நுனி உறையை நீக்கிய குண்டைச் செய்தது. இன்று கொல்கத்தா விமான நிலையம் இருக்கிறதே, அந்த டம்டம். உடலில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-இல் ஹேக் மாநாடு அறிவித்தது.

வேட்டையில் சட்டம் நேர் எதிர். இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி, மென்முனையோ குழிமுனையோ இல்லாத குண்டால் மானைச் சுடுவது குற்றம். மனிதனுக்குத் தடை, மானுக்குக் கட்டாயம். முரணாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் பின்னால் இருப்பது துன்பத்தைக் குறைக்கும் எண்ணமே. காயம்பட்ட வீரன் பிழைக்க வேண்டும். சுடப்பட்ட மான் உடனே சாக வேண்டும். இடதுபக்கக் குண்டின் ஊசிக்காது இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஓட்டை இருக்கிறதே, இது டம்டம் வகையா என்று அமெரிக்க ராணுவ வழக்கறிஞர்கள் ஆராய்ந்து, அது தயாரிப்பு முறையில் விழுந்த ஓட்டை, விரிவதற்காகப் போட்டதல்ல என்று தீர்ப்பளித்தார்கள். வேட்டைக்கு அது உதவாததும் அதனால்தான். சில சமயம் விரியாமலே ஊடுருவும், சில சமயம் சிதறும், நம்ப முடியாது.

நல்ல வேட்டைக் குண்டு காளான் குடை போல விரிய வேண்டும். விட்டம் இரட்டித்தால் வெட்டுப்பரப்பு நான்கு மடங்கு. ஆனால் விரிந்த குடை வேகமாக நின்றும்விடும். இதயத்தையும் நுரையீரலையும் எட்டுமுன் நின்றால் பயனில்லை. 20 மீட்டரில் பட்டாலும் 300 மீட்டரில் பட்டாலும், முதலாவதில் நொறுங்காமலும் இரண்டாவதில் மூடியே கிடக்காமலும் இருக்க வேண்டும். பல மென்முனைக் குண்டுகளுக்கு நொடிக்கு 550 மீட்டருக்குக் கீழே இறங்கினால் விரிவதற்குத் தெம்பு போதாது.

1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர் ஒரு மூஸைச் சுட்டார். மாட்டைவிடப் பெரிய மான் அது. சேறு காய்ந்து தோலில் அப்பியிருந்தது. அதிவேகத் தோட்டா, கிட்டத்தில் சுட்டது, ஆனால் குண்டுகள் தோளிலேயே நொறுங்கின, உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவே செம்பாலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன் அறை ஈயம் விரியும். பின் அறை ஈயம் சுவருக்குப் பின்னால் குலையாமல் இருந்து முன்னே தள்ளும். 'பார்ட்டிஷன்' என்ற அந்தக் குண்டு 1948 முதல் விற்பனையில் இருக்கிறது. இரண்டு அறை வீடு கட்டுவதைப் போன்ற எளிய யோசனை.

விரியவே கூடாத வேட்டையும் ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைகளுக்கு மேல் கொன்ற டபிள்யூ.டி.எம். பெல், அவற்றில் பெரும்பகுதிக்குப் பயன்படுத்தியது 7 மில்லிமீட்டர் ரைஃபிள். நீண்ட, முழு உறை போட்ட, மழுங்கிய குண்டு. யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். எலும்பைத் துளைத்து நேராகப் போனால் போதும். அந்தத் திறமையை வியக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குண்டுத் தேர்வில் அவர் போட்ட கணக்கு சரி.

தவறான குண்டு, அல்லது தவறான இடத்தில் பட்ட குண்டு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 436 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்க மேல் கோரைப்பல் பாதி, கீழ்ப்பல் எலும்புவரை இல்லை. யாரோ எப்போதோ சுட்ட பழைய காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாத புலி மனிதரிடம் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

வேட்டை நடக்கும் நாடுகளில் இன்றைய சர்ச்சை ஈயம். விரியும் குண்டு தன் ஈயத்தில் ஒரு பகுதியைத் தூளாக உதிர்க்கிறது. சுடப்பட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால் காயத்திலிருந்து எட்டத்திலும் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். வேட்டைக்காரர் காட்டிலேயே விட்டுவரும் குடலைத் தின்ன வருவது கழுகு. நம் பாறு கழுகுகளை மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி அழித்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியக் காண்டரை வாட்டியதில் பெரும்பங்கு ஈயத்துக்கு. 1982-இல் அந்த இனத்தில் மிஞ்சியவை 22. 1987-இல் காட்டில் இருந்த எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்க வேண்டியதாயிற்று. விடுவித்த பறவைகளையும் ஈயம் விடவில்லை.

மாற்று, முழுக்கச் செம்பால் ஆன குண்டு. நுனிக்குழியிலிருந்து பூ மலர்வது போல இதழ் பிரிந்து விரிகிறது. எடை ஏறக்குறைய அப்படியே மிஞ்சுகிறது. ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9-க்குச் சற்றுக் கீழ். அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்க முடியும். நீளம் கூடினால் கிரீன்ஹில் கணக்குப்படி இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். பாட்டன் காலத்து ரைஃபிளின் வரிப்பள்ளத்தை மாற்ற முடியாது. ஆகவே பழைய துப்பாக்கி வைத்திருப்பவர் செம்புக்கு மாறும்போது எடை குறைந்த, குட்டையான குண்டைத் தேட வேண்டியிருக்கிறது.

2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் எந்த விலங்கையும் ஈயக் குண்டால் வேட்டையாடக் கூடாது. காகிதக் குறியைச் சுடுபவர்களுக்கு அந்தச் சட்டம் ஈயத்தைத் தடுக்கவில்லை.